கடல்வரை போய்த் திரும்பிய பேண்டு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஸ்கார்விக் பள்ளி பேண்டின் பெற்றோர் குழுத் தலைவர் ஒட்வார் அவர்களே, படகேறியும் பனிமழையில் வண்டியோட்டியும் வந்து சேர்ந்திருக்கும் பக்கத்து ஊர் பேண்டு ஆசிரியர்களே, கிளாரினெட்டைப் பரணில் ஏற்றிவிட்டாலும் பாட்டை மட்டும் நெஞ்சிலிருந்து இறக்காத பெரியோர்களே, பிள்ளைகளின் டூபா ஊதுகுழலைச் சுமந்து தோள் கன்றிய தாய்மார்களே, பேண்டுக்குப் பணம் திரட்ட வாஃபிள் அப்பம் சுட்டு விரலும் சுட்டுக்கொண்ட தந்தையர்களே, என் அன்பு வாத்தியக்காரப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் பேண்டு ஆசிரியை யோருனின் மாலை வணக்கம்.

பிள்ளைகளைப் பலர் முன்னால் வாசிக்கப் பழக்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எனக்கு அதில் பெரிய சூத்திரம் எதுவும் தெரியாது. எங்கள் ஊரில் இந்த மே பதினேழாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். சூத்திரம் அதற்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதற்கு முந்திய ஆண்டு. அதே மே பதினேழு, நம் தேசிய நாள் ஊர்வலம். முன்னால் எங்கள் பேண்டு, பின்னால் கொடி பிடித்த ஊர். ஆலங்கட்டி மழை. ஒரு கொடி பறந்து வந்து முன்வரிசைப் பையனின் முகத்தை மூடியது. அவன் நின்றான். அவன் ஏன் நின்றான் என்று பார்க்க அடுத்தவள் நின்றாள். நிற்கிறார்கள் என்று தெரியாமல் டூபா வந்து டிராம்போன்மேல் மோதியது. அவ்வளவுதான். இசை நின்றது, நடை நின்றது, பின்னால் வந்த ஊரும் நின்றது. மிச்ச வழி முழுவதும் சத்தமில்லாமல் நடந்தோம். ஊர்வலமா அது? சவ ஊர்வலம்கூட அதைவிடக் கலகலப்பாக இருந்திருக்கும்.

பெற்றோர் கூட்டத்தில் நம் தலைவர் எழுந்து என்ன சொன்னார் தெரியுமா? சொல்லலாமா ஒட்வார்? தலையை ஆட்டுகிறார், சொல்லலாம்.

"இந்தப் புள்ளைங்க உக்காந்து வாசிச்சா தேனு. நடந்து வாசிச்சா தேளு. அடுத்த ஊரு பேண்ட வரவச்சுக்கலாம். நம்ம பசங்க கொடி ஆட்டட்டும்."

ஓர் ஆண்டு தவணை கேட்டு வாங்கினேன். மறுபடி நின்றால் வாடகை பேண்டு, நம் பிள்ளைகளுக்குக் கொடி. அதுதான் முடிவு.

அன்றிரவு எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் தெரியாதா? தெரியும். தாளம் தெரியாதா? தெரியும். பின் எது தெரியவில்லை? தவறிய பிறகு என்ன செய்வது என்பது தெரியவில்லை. அதை நான்கு சுவருக்குள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆகவே வெளியே போனோம். மீன் கிடங்கில், பாரவண்டிகளுக்கு நடுவே வாசித்தோம். பல்பொருள் அங்காடியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே வாசித்தோம். தம்பி தங்கைகளை அழைத்துவந்து பனியுருண்டை எறியச் சொன்னோம். (பின்வரிசையில் சிரிப்பது யார்? நீதானே என் காதில் எறிந்தாய்? இரு, வருகிறேன்.) ஒரே ஒரு விதி: யார் தவறினாலும் நிற்கக் கூடாது. பெரிய டிரம் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை நாம் நடக்கிறோம்.

முன்னால் கோல் பிடித்து நடக்க இல்வா வந்தாள். பதினான்கு வயது. அவள் கோல் காட்டும் பக்கம் பேண்டு போகும், எதிர்க்கேள்வி கிடையாது. ஊர்வலத்துக்கு முந்தைய நாள் தெருவில் நடந்து பார்த்தோம். சந்திப்பில் ஒட்வாரின் சக்கரம் வைத்த சாசேஜ் கடை இடது மூலையில் நின்றது. இல்வா மனத்தில் குறித்துக்கொண்டாள்: கடைக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் ஊர்வலம் போய்ச் சேர வேண்டிய தேவாலயம்.

மறுநாள் காற்று. புகை கண்ணில் அடிக்கிறதென்று நம் தலைவர் கடையை வலது மூலைக்கு உருட்டிவிட்டார்.

"காத்து அடிச்சா நான் என்னம்மா பண்றது?"

பாருங்கள், தலைவர் இருக்கையிலிருந்து இன்றைக்கும் அதே பதில்தான்.

அந்த ஊரிலேயே பிறந்தவளுக்குத் தேவாலயம் தெரியாதா என்பீர்கள். மேடை ஏறியவர்களைக் கேளுங்கள். பலர் பார்க்கும்போது சொந்தப் பெயரே மறந்துபோகும், தேவாலயம் எம்மாத்திரம்? கடை வலப்பக்கம், ஆகவே கோல் இடப்பக்கம். கோல் திரும்பியது, பேண்டு திரும்பியது, பேண்டு திரும்பியதால் பள்ளி திரும்பியது, பள்ளி திரும்பியதால் ஊராட்சித் தலைவியும் திரும்பினார். எல்லோரும் எங்கே போகிறோம்? படகுத்துறைக்கு. அதற்கு அப்பால் என்ன? கடல்.

ஒரு பாட்டு முடிந்து டிரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் டிராம்போன் பிடித்த சிந்த்ரே உதட்டை அசைக்காமல் பேசினான்.

"இல்வா, முன்னால கடல்டீ."

"தெரியுது."

"நீந்தணுமா? எனக்கு டிராம்போனோட நீந்த வராது."

"வாய மூடிட்டு வாசிடா."

இல்வா என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். கையை உயர்த்தினால் நின்றுவிடுவார்கள். நின்றால் எல்லாம் முடிந்தது. என் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அந்தச் சில அடிகள்தான் என் ஆசிரிய வாழ்க்கையிலேயே நீளமானவை.

அவள் விசில் ஊதினாள். கோலை இரு கைகளாலும் தலைக்குமேல் தூக்கினாள். அது எதிர்நடைக்கான சைகை. முன்வரிசை திரும்பி, பின்வரிசைகளின் இடைவெளிகளில் புகுந்து, வந்த வழியே போக வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் பழகியிருந்தோம். யாராவது ஒருவர் மூக்கில் இடிபடாமல் ஒருமுறைகூட முடிந்ததில்லை.

அன்று முடிந்தது. கம்பி வேலிக்கு ஒரு முழம் முன்னால் திரும்பினாள். டூபாக்களுக்கு நடுவே டிராம்போன்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. எதிரே ஒன்றாம் வகுப்பு, வாய் நிறைய ஐஸ்கிரீமோடு. இல்வா நேராக நடந்தாள். வாண்டுகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டன. பிறகு கடல்வரை ஓடி, வேலியைத் தொட்டுவிட்டு, பேண்டின் பின்னால் சேர்ந்துகொண்டன. அடுத்த வகுப்பும் அப்படியே; அதற்கடுத்ததும் அப்படியே. ஊர்வலம் தன் நடுவிலேயே தானே நடந்து போனது.

நண்பர்களே, ஊர்வலத்தில் நாம் எதைப் பார்ப்போம்? முன்னால் போகிறவரின் முதுகை. ஆண்டாண்டாக முதுகு பார்த்து நடந்த ஊர் அன்று முகம் பார்த்தது. மனைவி கணவனுக்குக் கையசைத்தாள். பேசாதிருந்த அண்டை வீட்டார் கொடியை ஆட்டியே பேசிக்கொண்டார்கள். ஊராட்சித் தலைவியின் கையைக் குலுக்க ஒரு குழந்தை வரிசையை விட்டே வந்தது. வாழ்த்தொலியில் டிரம் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் காலுக்குக் கேட்டது.

ஊர்வலம் தேவாலயம் சேர்ந்து எல்லாம் முடிந்ததும் இல்வா சாசேஜ் கடைக்குப் போனாள். முகம் வெளிறியிருந்தது.

"ஒட்வார், நான் தப்பான பக்கம் திரும்பிட்டேன். இனி அடுத்த ஊரு பேண்டுதானா?"

நம் தலைவர் ரொட்டிக்குள் இரண்டு சாசேஜ் வைத்தார்.

"தப்பா? நான் யோருன் போட்ட திட்டம்னுல்ல நெனச்சேன். அடுத்த வருஷமும் கடலுக்கே கூட்டிட்டுப் போ. கடுகு வேணுமா?"

அதுதான் தீர்மானம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: கடையை இனி யாரும் நகர்த்தக் கூடாது.

ஆகவே, என் சக ஆசிரியர்களே, பிழையில்லாமல் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பிழைக்குப் பிறகும் வாசிக்கக் கற்றுக்கொடுத்தீர்களா? தேர்ந்த பிறகு மேடை என்று காக்கவைக்காதீர்கள், மேடையில்தான் தேர்கிறார்கள். பெற்றோரே, உங்கள் கிடங்கைத் தாருங்கள், கடையைத் தாருங்கள், தெருவைத் தாருங்கள், சிரிப்பையும் தாருங்கள். கடல் எதிரே வரும்போது மட்டும் உங்கள் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், ஆறிப்போன காப்பியோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. கதவுக்கு வெளியே டிரம் கேட்கிறதா? இல்வாவும் மிச்சப் பிள்ளைகளும் வாத்தியத்தோடு வந்துவிட்டார்கள். எழுந்திருங்கள், அவர்கள் பின்னால் நடப்போம். எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள், கோல் அவள் கையில் இருக்கிறது. வணக்கம்.