முருகதாஸின் மூக்கு

பன்றிச் சாணமும் மாட்டுச் சாணமும் ஒன்றல்ல. இதைக்கூட உங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, இன்ஸ்பெக்டர். மாடு தின்பது புல்லும் வைக்கோலும். அதன் கழிவில் நார் அதிகம், மேலே மிதந்து ஆடை கட்டும். பன்றியினுடையது நீர்த்திருக்கும், கனமானது அடியில் படியும். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் மேலே ஆடை, அடியில் சேறு, நடுவில் கறுப்புத் தண்ணீர்.

கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்திய நான், ஓய்வு பெற்றதும் தோவாளைக்குப் பக்கத்தில் பன்றியும் மாடும் வளர்க்கும் பண்ணை வைத்தேன். தொட்டிக்குள் காற்றை ஊதினால் அதில் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று நாற்றத்தைப் போக்கிவிடும். காற்றை நிறுத்தினால் அவை அடங்கி, காற்று வேண்டாத வேறொரு கூட்டம் பெருகும். அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகிச் சேற்றுக்குள் அடைபட்டுக் கிடக்கும். கலக்கினால் ஒரேயடியாக வெளியே வரும்.

முதலில் ஒழுங்காகக் காற்று ஊதிக்கொண்டுதான் இருந்தேன். நாற்றம் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டு முருகதாஸ் வேலியருகே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பான். சந்தையில் பிச்சிப்பூ வியாபாரம் அவனுக்கு. "சாரே, சோறு எறங்க மாட்டேங்கு," என்பான். பன்றி என்ற சொல் காதில் விழுந்ததுமே நாற்றம் பிடிக்கிற மூக்கு. சுத்திகரித்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எப்படியும் நாறுகிறது என்றுதான் சொல்லப்போகிறார்கள். காற்றை நிறுத்திவிட்டேன். அதன்பிறகு நாறியது உண்மை.

சில மாதங்களில் அவன் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. மகள் அபினா வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ஒங்களுக்க தொட்டி அடியில வெடிச்சு கெடக்கு சாரே. எனக்க பிள்ளைய இந்தத் தண்ணியாக்கும் படுக்க வச்சது. நான் கலெக்டர் ஆபீசுல சொல்லத்தான் போறேன்."

வெடிப்பு இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் என் தொட்டியைப் பற்றி ஒரு பூக்காரன் எனக்குப் பாடம் எடுப்பதா?

"நீயே எறங்கிப் பாத்துட்டு யாருகிட்ட வேணும்னாலும் சொல்லு," என்றேன்.

மறுநாள் காலையில் வந்தான். தண்ணீரை இறைத்துவிட்டு, சேற்றை மட்டும் விட்டுவைத்திருந்தேன். தொட்டியின் மூடியைத் திறந்ததும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். வாயுவைத் துண்டு தடுக்கும் என்று நம்புகிற ஆள். பாதி ஏணியில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்ப நாத்தமே இல்லியே சாரே."

அந்த வாயு அதிகமானால் முதலில் செத்துப்போவது மூக்கு. வாடையே தெரியாது. வருடந்தோறும் மாணவர்களுக்கு நடத்திய பாடம்தான். அவனுக்கு நடத்தவில்லை.

"அப்போ பயப்படாம எறங்கு," என்றேன்.

அவன் சேற்றில் கால் வைத்ததும், கலக்கும் இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டேன். கூப்பிட நேரமில்லாமல் குப்புற விழுந்தான்.

இயந்திரச் சத்தம் கேட்டு சிஜின் ஓடி வந்தான். கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்துவிட்டு என் பண்ணைக்கு வேலைக்கு வந்தவன். நல்லவன். பன்றிகள்கூட அவன் குரலுக்கு வரும். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான், சுவிட்சை அணைத்தான்.

"அய்யோ, முருகதாஸ் அண்ணனாக்கும். கயிறு எடுங்க சாரே, நான் எறங்குதேன்."

முருகதாஸைக் கொன்றது நான். மறுக்கவில்லை. சிஜின் விஷயத்தை விபத்து என்று எழுதிக்கொள்ளுங்கள். அவனை நான் இறக்கவில்லை. மூடியருகே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறேன். அவன் படிக்கத் தெரிந்தவன்தான். இந்த ஊரில் யாரும் எதையும் படிப்பதில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

இறங்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் நின்றிருப்பான். நான் சொல்லி அவன் கேட்காத நாளில்லை. நின்றிருந்தால், சுவிட்சைப் போட்டது யார் என்றும் என்னிடம் கேட்டிருப்பான்.

கயிறு எடுத்து வருகிறேன் என்று மாட்டுத் தொழுவத்துக்குப் போனேன். கயிறு அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் மாடுகளுக்குப் புல் போட்டேன். இனி அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்காது என்று தெரிந்திருந்தது.