பதினாறு பாகை

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். நான், செபநாயகம், வயது எழுபத்துநாலு. என் மனைவி மக்டலீன். என் தம்பி கிறகோரி. ஐம்பது வருஷம் படகு இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தவன், காது பாதிதான் கேட்கும். என் ஒரே மகள் ஜெசிதா, பள்ளிக்கூட ஆசிரியை. ஐந்தாவது ஆள் கொலின்ஸ், அவளைப் பெண் கேட்டு ஸ்பெயினிலிருந்து வந்தவர். இனி அவரை மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன். அந்தப் பட்டத்தை அவர் மிகவும் விரும்பினார்.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். முதலில் பொலிஸ்காரத் தம்பி ஒருவர் நான் சொல்லச் சொல்ல எழுதினார். வாசித்துப் பார்த்தால், மூன்று படகு வைத்திருக்கும் சம்மாட்டியான என்னை 'சம்மட்டி' என்று எழுதியிருந்தார். இரும்பு அடிக்கிற சாமான். ஒரு மனிதன் குற்றவாளியாகலாம். எழுத்துப்பிழையாகக் கூடாது. தாளைத் திருப்பிக் கொடுத்து வேறு தாள் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து பன்னிரண்டரை மணி இருக்கும். மக்டலீன் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் வீட்டு நண்டுக் குழம்பு தெருமுனை வரை மணக்கும்; தண்ணீர் கேட்கிற சாட்டில் உள்ளே வந்து ருசி பார்த்துவிட்டுப் போனவர்கள் எங்கள் ஊர் குருநகரில் பலர்.

மாப்பிள்ளையின் தகப்பன் பிலிப்பு. என் படகில் இருபத்திரண்டு வருஷம் வலை இழுத்தவர். நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்கு வந்தால் படிக்குக் கீழே நிற்பார். மேலே வரச் சொல்லி நானும் கேட்டதில்லை, அவரும் வந்ததில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. அவருடைய மகன் பத்தொன்பது வயதில் ஸ்பெயினுக்குப் போய், ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு அங்கேயே வைன் பகுதிக்கு ஏறினார். அங்கே வைனை மணந்து பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களாம். நாங்கள் இங்கே மீனைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தால்தான் காசு. உலகம் எவ்வளவு முன்னேறிவிட்டது.

ஜெசிதாவும் அவரும் இரண்டு வருஷமாகத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். அதற்கு முன்னர் நான் ஏழு சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பியவன். இதையும் அனுப்பியிருப்பேன். ஆனால் மக்டலீன் தவக்காலம் நாற்பது நாளும் அழுதாள். ஆகவே, வரச்சொல், பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன். அன்று நான் 'ஓம்' என்றால் கலியாணம். இல்லை என்றால் இல்லை. நியாயமாகச் சொல்கிறேன், 'ஓம்' சொல்வதற்குப் பாதி மனம் வந்திருந்தது.

மாப்பிள்ளை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, படியேறி, நேராக உள்ளே வந்தார்.

"சுகமா இருக்கிறியளோ மாமா?" என்றார்.

மாமா. சரி.

இரண்டு போத்தல் வைன் கொண்டுவந்திருந்தார். கறுப்புச் சீட்டு ஒட்டிய, கனமான போத்தல்கள். ஒரே வகைக் கொடிமுந்திரிகையில் செய்தது அல்லவாம். கர்நாச்சா, மொனாஸ்த்ரெல், சிரா என்று மூன்று சாதி முந்திரிகை கலந்தது.

"தனித்தனிய நிண்டா ஒண்டு புளிக்கும், ஒண்டு கைக்கும் மாமா. கலந்தாத்தான் பெலன் வரும்" என்றார். எனக்குச் சொன்னார், ஆனால் ஜெசிதாவைப் பார்த்துச் சொன்னார். அவள் மேசை விரிப்பைச் சரிசெய்தாள். நேராக இருந்த விரிப்பு.

பிறகு வெப்பநிலைப் பாடம் தொடங்கியது. "சிவப்பு வைன் பதினாறு பாகையிலை குடிக்கோணும். இஞ்சை இப்ப முப்பத்திமூண்டு. இந்தச் சூட்டிலை குடிச்சா வெறி மட்டும்தான் தெரியும், ருசி தெரியாது."

எங்கள் வளவின் பின்பக்கத்தில் குளிர் அறை இருக்கிறது. கொழும்புக்குப் போகும் நண்டும் இறாலும் அங்கேதான் பெட்டி பெட்டியாக இருக்கும். மைனஸ் பதினெட்டு. குருநகரில் வீட்டு வளவில் குளிர் அறை வைத்திருக்கும் ஒரே குடும்பம் நாங்கள். அதை நான்தான் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். உள்ளே இருந்து கதவைத் திறக்கும் பிடி ஆறு மாதமாக உடைந்து கிடப்பதையும், வேலைக்காரர்கள் கருங்கல் ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டே உள்ளே போவார்கள் என்பதையும் சொன்னேன். விருந்தாளிக்கு இதையெல்லாம் சொல்லிவைப்பது வீட்டுக்காரனின் கடமை.

அவர் ஒரு போத்தலை நண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "இருவது நிமிஷம் போதும் மாமா. கூட விட்டா செத்துப்போம். வைன் உயிருள்ள சாமான்."

உயிருள்ள சாமானைக் குளிரில் விட்டால் என்னவாகும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். எனக்கு முன்னர் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

இருபது நிமிஷம் கழித்து அவரே போய், முதல் போத்தலை எடுத்துக்கொண்டு இரண்டாவதை அங்கே வைத்துவிட்டு வந்தார். ஆயர் ஆண்டகை வந்தால் மட்டும் எடுக்கும் கண்ணாடிக் கிளாஸ்களை மக்டலீன் எடுத்தாள். மாப்பிள்ளை ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் அளவு ஊற்றினார். அவ்வளவுதான். என் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூட அப்படி அளந்து கொடுத்ததில்லை.

பிறகு கிளாஸைச் சுழற்றினார். உள்பக்கம் வடிந்த கோடுகளைக் காட்டி, ஸ்பெயினில் இதைக் கண்ணீர் என்பார்கள் என்றார். குடிக்கப்போகிற சாமான் அழுகிறதாம். நானும் பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தது.

"முதல் மணந்து பாருங்கோ. கறுத்த பிளம்ஸ் வரும். பிறகு சுருட்டு. பிறகு கொஞ்சம் தோல்."

கிறகோரி மூக்கைக் கிளாஸுக்குள் விட்டான். "அண்ணை, என்ரை கிளாஸிலை ஒரு சுருட்டையும் காணேல்லை. உனக்கு வந்ததோ?"

"சின்ன மாமா, ஒரு மிடறு எடுத்து வாயிலை வைச்சிருங்கோ. உடனை விழுங்காதையுங்கோ."

"வாயிலை வைச்சிருக்க இதென்ன நற்கருணையோ?"

மக்டலீன் சிலுவை போட்டுக்கொண்டே சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குடித்தேன். உண்மையை எழுதவேண்டும்: நல்ல வைன். முதல் மிடறு பச்சைப் பாக்குக் கடித்ததுபோல நாக்கைப் பிடித்து இறுக்கியது. பிறகு விட்டது. விட்ட இடத்தில் மிளகு போல ஒரு காரம், அதற்குப் பின்னால் நன்றாகக் கனிந்த நாவற்பழம். தொண்டையில் இறங்கும்போது ஒரு சூடு, நெஞ்சில் வெகுநேரம் நின்றது. பயந்தவன் செய்த சாமான் இல்லை அது. இரண்டாவது மிடறும் எடுத்தேன். ஜெசிதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஓம்' சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது மாப்பிள்ளை கிளாஸுக்குள் மூக்கை வைத்து, கண்ணை மூடி, கனநேரம் இருந்தார்.

"மாமா," என்றார், "இது வலை மணக்குது."

கண்ணைத் திறந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "இதே போத்தலை அங்கை நூறு தரம் திறந்திருப்பன். ஒருநாளும் இப்பிடி மணக்கேல்லை. இந்த வீட்டிலைதான் மணக்குது."

ஜெசிதா சிரித்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதி, மேசையில் வைத்தார்.

நான் எழுத எழுத வாசித்துக்கொண்டிருந்த பொலிஸ் பொறுப்பதிகாரி ஐயா இந்த இடத்தில் என்னை நிறுத்தி, அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் என் தகப்பன் என்னைப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்தார். எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் இருந்த பெடியன் முதல் நாளே மூக்கைப் பொத்திக்கொண்டு, "மணக்குது, தள்ளி இரு" என்றான். தள்ளி இருந்தேன். ஆறு வருஷம் ஒரு வாங்கில் நான் மட்டும் இருந்தேன். கால் நீட்ட நல்ல இடம். என் தாய் என் சட்டையைத் தேசிக்காய்ப் புளி விட்டு இரண்டு தரம் தோய்ப்பார். அந்தக் கதைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டபடியால் எழுதினேன்.

நான் கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கிளாஸை மேசையில் வைத்து, "தம்பி, மற்றப் போத்தலுக்கும் இருவது நிமிஷம் ஆயிட்டுது. போய் எடுத்துக்கொண்டு வாருமன்" என்றேன்.

"ஓம் மாமா" என்று வளவில் கிடந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்சம் பொறுத்து நானும் போனேன். அவர் உள்ளே குந்தி இருந்து, நண்டுப் பெட்டிகளில் என் படகுகளின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். கருங்கல்லைக் காலால் தள்ளினேன். கதவு நல்ல கனம், அதுவாகவே சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாளான இரும்புத் திறாங்கை நான் போட்டேன். அதுவாக விழாது.

மேசைக்குத் திரும்பி, தகப்பனிடமிருந்து தொலைபேசி வந்தது, அவசரமாகப் பின்வாசல் படலையால் போய்விட்டார், பின்னேரம் வருவார் என்றேன். குளிர் அறை இயந்திரத்தின் இரைச்சலில் வேறு சத்தம் வீட்டுக்குள் வராது. ஜெசிதா அவருடைய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. தகட்டுச் சுவருக்குள் தொலைபேசி வேலை செய்யாது. நாங்கள் சாப்பிட்டோம். நண்டு நன்றாக இருந்தது.

நாலரை மணிக்கு ஜெசிதா வந்தாள். "அப்பா, அவரின்ரை சப்பாத்து வாசல்லை கிடக்கு."

"பிலிப்பன்ரை பெடியன்தானே. வெறுங்காலோடை நடந்து பழகினவன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு பிலிப்பு வீட்டுக்குப் போனாள்.

அப்போது கதவைத் திறந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. திறக்கத்தான் போனேன். திறாங்கில் கையும் வைத்தேன். தட்டுகிற சத்தம் குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. திறந்தால் அவர் வெளியே வந்து, இதையும் நாலு பேருக்குச் சொல்வார். சம்மாட்டி வீட்டில் இது நடந்தது, அது நடந்தது என்று. ஒரு குடும்பத்தின் பெயர் அவ்வளவு மலிவில்லை. அதோடு, போத்தலில் ஒரு கிளாஸ் அளவு மிச்சம் இருந்தது. திறந்த வைனைக் காற்றுப்பட விடக்கூடாது என்று மாப்பிள்ளையே சொல்லியிருந்தார். திரும்பி வந்து குடித்தேன். நேரம் போகப்போக இன்னும் நன்றாகியிருந்தது.

ஆறு மணிக்குப் பிலிப்பு வந்தார். வழக்கம்போலப் படிக்குக் கீழே நின்றார். பின்னால் ஜெசிதா.

"சம்மாட்டியார், என்ரை பெடியன் எங்கை?"

"தெரியாது பிலிப்பு" என்றேன்.

"சம்மாட்டியார் சொன்னாச் சரி" என்று போனார். என் சொல்லை நம்புவது அவருடைய நல்ல பழக்கங்களில் ஒன்று. ஜெசிதா அவரோடேயே திரும்பிப் போனாள். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள்.

திங்கள் விடிய, நண்டு ஏற்ற வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். மாப்பிள்ளை கதவடியில் இருந்தார். இரண்டாவது போத்தல் உறைந்து, தக்கை வெளியே தள்ளப்பட்டு, பனிக்கட்டியாகச் சிவந்து நின்றது. செத்துப்போயிருந்தது. அவர் சொன்னது சரிதான்.

மேசையில் கிடந்த கொப்பியை ஜெசிதா எடுத்துவைத்துப் பொலிஸிடம் கொடுத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தை ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார், பிரசங்கம் வைப்பதுபோல. 'ஞாயிறு, மாமா வீடு. வலை மணக்குது. உப்பு, வெயிலிலை காயிற நூல், அப்பா கட்டுற சாரம். பத்து வருஷமாய் ஒவ்வொரு கிளாஸிலையும் இதைத்தான் தேடினனான். இதுக்கு ஒரு நல்ல சொல்லு ஜெசியிட்டைக் கேக்கோணும்.' வாசித்துவிட்டு ஐயா என் முகத்தைப் பார்த்தார். கொப்பியில் யாரும் எதையும் எழுதலாம் என்றேன்.

ஆகவே: கொலின்ஸ் என்பவரைக் குளிர் அறைக்குள் அனுப்பியது நான். கல்லைத் தள்ளியது நான். திறாங்கைப் போட்டது நான். அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தே திரும்பி வந்ததும் நான். மக்டலீனுக்கோ கிறகோரிக்கோ இதில் பங்கில்லை.

நேற்று மக்டலீன் கிறகோரியிடம் நண்டுக் குழம்பு கொடுத்து அனுப்பியிருந்தாள். பாத்திரத்தைத் திறந்ததும், என்னைச் சம்மட்டி ஆக்கிய அதே பொலிஸ்காரத் தம்பி எட்டிப் பார்த்து, "ஐயா, என்னமா மணக்குது" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டுக் கைப்பக்குவம் அப்படி என்று சொல்லி, அவருக்கு ஒரு பெரிய கால் எடுத்துக் கொடுத்தேன்.

ஊரில் ஒரு கதை உலாவுகிறது என்று கிறகோரி சொன்னான். மாப்பிள்ளை புகழ்ந்துதான் சொன்னாராம், நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேனாம். அது பொய். 'மணக்குது' என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரேயொரு பொருள்தான் உண்டு.