தலைவர் வீட்டம்மா

— காபியை டம்ளர்ல ஊத்து! தட்டுல ஊத்தறே.

— ஐயோ... சட்டையில பட்டுடுச்சா?

— படல, தள்ளிக்கிட்டேன். நேத்தும் இப்படித்தான் ஊத்தினே. மனசு எங்க இருக்கு உனக்கு?

— இங்கதான் இருக்கு. நீங்க பேச்சைப் படிங்க.

— "நமது சேவைச் சங்கத்தின் நடமாடும் கண் பரிசோதனை வண்டி, இந்த ஒரே வருஷத்தில்..." வருஷத்திலா, ஆண்டிலா?

— ஆண்டில். மேடைன்னா ஆண்டுதான்.

— தமிழ் டீச்சரைக் கட்டினதுக்கு இதாவது லாபம்.

— வேற லாபமே பாக்கலையாக்கும்...

— ஆரம்பிச்சுட்டியா! புருஷனுக்கு விருது குடுக்கறாங்கடி. கொஞ்சம் சிரி.

— சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். படிங்க.

— "பார்வை இழப்பைப் பெரும்பாலும் தடுக்கலாம். நேரத்தோடு வந்தால் போதும்." எப்படி?

— நல்லா இருக்கு... நேரத்தோட வந்தா போதும்.

— ஏன் இழுக்கறே?

— ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை வண்டி எங்க நிக்குது?

— பள்ளிக்கூட மைதானம். கரண்ட் இழுக்கணும், ஒரு வகுப்பறையை இருட்டாக்கணும், சொட்டு மருந்து விட்டவங்க உக்கார நிழல் பாக்கணும். எல்லாம் என் தலையில. பொருளாளர் கையைக் கட்டிக்கிட்டு நிப்பான். போன வருஷம் அவன் மாமியாரைக் கொண்டுவந்து வரிசையில நிறுத்திட்டான். அசிங்கம்!

— அந்தம்மாவுக்கும் கண்ணுதானே...

— இல்லாதப்பட்டவங்களுக்குப் போடற முகாம். சங்கத்துக்காரன் வீட்டு ஆளே வந்து நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?

— ம்...

— சரி, இந்த பேட்ஜைக் குத்திவிடு... அங்க இல்ல, பாக்கெட்டுக்கு மேல... ஆ! சதையில குத்தறே!

— தள்ளி இருக்குன்னு நினைச்சேன்.

— என்ன தள்ளி? மூக்குக்கு நேரா நிக்கறேன்!

— ஒத்தைக் கண்ணால பாத்தா கிட்ட எது, தூரம் எதுன்னு பிடிபட மாட்டேங்குது. போகப்போகப் பழகிடும்னாங்க டாக்டரம்மா.

— எந்த டாக்டரம்மா? என்ன... ஒத்தைக் கண்ணு?

— இடது கண்ணு போயிடுச்சுங்க.

— விளையாடாதே.

— உக்காருங்க. கண்ணுக்குள்ள அழுத்தமாம். வலிக்காமலே நரம்பைத் தின்னுடுமாம். நேத்து பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது கண்ணைக் காப்பாத்த மருந்து குடுத்திருக்காங்க, ஆயுசுக்கும் விடணும். இடதுல போனது போனதுதானாம்.

— எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னேனே, இடது கண்ணு மங்கலா இருக்குன்னு. முகாம் வேலை முடியட்டும், பாக்கலாம்னீங்க.

— அது... வயசானா வர்ற மங்கல்னு நினைச்சேன். அட, முகாமுக்காவது வந்திருக்கலாமே நீ!

— வந்தேனே.

— எங்க?

— ஆறு மாசம் முன்னாடி மார்க்கெட்டுக்குப் பின்னாடி போட்டீங்களே, அங்க. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ஒரு தையல்காரம்மா. அவங்களோட மூடிட்டாங்க. அப்பவே பாத்திருந்தா பாதிப் பார்வையாவது நின்னிருக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க.

— நீ... வந்தியா? எனக்கெப்படித் தெரியும்? அவ்வளவு கூட்டம்! வெயில் வேற. மேலிடத்துத் தலைவர் வேற போட்டோவுக்கு வந்து நின்னாரு...

— ஆமா, உங்க பக்கத்துலதான் நின்னாரு.

— நீ நிக்கறதைப் பாத்திருந்தா விட்டிருப்பேனா? சொல்லு... ஏய், அழாதே.

— அழல. மருந்து விட்டா தண்ணி வருது.

— சத்தியமா நான் உன்னைப் பாக்கல.

— பாத்தீங்க. பாத்துட்டுத்தான் மைக்கை வாங்கி, "இன்னிக்கு இவ்வளவுதான், எல்லாரும் கலைங்க"ன்னீங்க. எனக்குப் பின்னாடி நின்ன அத்தனை பேரும் திரும்பிப் போனாங்க... உங்க முகம் மாறினதைப் பாத்தேங்க. அன்னிக்கு எனக்கு அவ்வளவு தூரம் நல்லாவே தெரிஞ்சுது.