கடைசி உதையைத் திருப்பிக் கொடுத்த டேரன் ஹெப்வொர்த் அவர்களுக்கு

கிரிம்லி ரக்பி லீக் கழகத்தின் முன்வரிசை வீரரும், வாரநாட்களில் ஊரார் வீடுகளுக்கு ஓடு மாற்றும் கூரைக்காரருமான அன்பிற்கினிய ஹெப்வொர்த் அவர்களே, அடிபட்டும் அசையாத அரணே, அழைத்த இடத்தில் ஆடிய அணித்துணையே, உடன் ஆடியவர்கள் உளமார அளிக்கும் மடல் இது.

ஐந்து கழகங்களில் ஆடினீர்கள். இரண்டு கழகங்கள் உங்களைக் கடனாகத்தான் வாங்கின. தேர்வாளர்கள் வந்த நாட்களில் உங்களுக்குப் பக்கத்தில் ஆடியவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர்ச் செய்தித்தாளில் உங்கள் பெயர் பெரும்பாலும் ‘மற்றும்’ என்ற சொல்லுக்குப் பிறகே வந்தது. ஆனாலும் மழையில் நனைந்த கூரையிலிருந்து இறங்கி, கையில் தாரோடு, பயிற்சிக்கு முதல் ஆளாக வந்து நின்றது நீங்கள். உங்கள் வேகத்தைப் பற்றி நாங்கள் பொய் சொல்லப்போவதில்லை. தேநீர்க் கடை பிரெண்டா வேலியோரம் நின்று, “ஹெப்பு, நீ ஓடுறியா, இல்ல மைதானம் பின்னால நகருதா?” என்று கேட்காத சனிக்கிழமை இல்லை. “பேசாம கறி வடையச் சூடாக்கு, வந்துடுறேன்” என்பீர்கள்.

சென்ற சனிக்கிழமை உங்கள் கடைசி ஆட்டம். வேல்டன் அணியை வென்றால் இந்தப் பிரிவில் நீடிப்போம். சமன் ஆனாலும் கீழே இறங்குவோம். முடிய நான்கு நிமிடம் இருக்கையில் நாம் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றி, டிரை போட்டுப் புள்ளிகளைச் சமன் செய்தோம். டிரை போட்டவர்களுக்கு அடுத்துக் கிடைக்கும் உதை கம்பங்களுக்கு நடுவே போனால் வெற்றி.

விடைபெறும் முன்வரிசைக்காரரிடம் அந்த உதையைக் கொடுப்பது நம் ஆட்டத்தின் வழக்கம். வென்றாயிற்று, அல்லது தோற்றாயிற்று என்ற பிறகு கொடுப்பார்கள். பந்து எங்கே போனாலும் சிரித்துக் கைதட்டுவார்கள். அன்று ஒன்றுமே முடிவாகவில்லை. இருந்தும், பருவம் முழுக்க உதைத்த ஆஷ் பந்தை உங்கள் கையில் வைத்தான். “உங்க உதை, ஹெப். வழக்கம்.” பயிற்சியாளர் மால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நீங்கள் பந்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள். “கிறுக்குப் பயலே, வேலை இன்னும் முடியலடா. நீ உதை.”

ஆஷின் உதை கம்பத்தில் பட்டு வெளியே போனது. அவன் அங்கேயே குனிந்து நின்றான். அவன் பிடரியைப் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: “தலையத் தூக்கு. பந்தைக் கொண்டாந்து கம்பத்துக்கு நேரா வைக்கிறேன். திரும்ப உதை.”

சொன்னதைச் செய்தீர்கள். வேல்டன்காரர்கள் ஆட்டத்தை மீண்டும் தொடங்க உதைத்த பந்தை மார்போடு பிடித்தீர்கள். ஆறு முறை வீழ்த்தப்படுவதற்குள் பந்தைப் பயன்படுத்த வேண்டும்; ஓடும் ஆட்டத்தில் தரையில் தட்டி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனாலும் ஒரு புள்ளி உண்டு. அதில் மூன்று முறை பந்தோடு மோதியது நீங்கள். “எந்திரி ஹெப், எந்திரி!” என்று உங்கள் மனைவி சூசன் கத்தக் கத்த, மேலே இரண்டு பேர் தொங்க, பந்தைக் கம்பங்களுக்கு நேரே இழுத்துக்கொண்டு வந்தீர்கள். எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டிய மறுகணம், ஆஷை நோக்கிப் பாய்ந்த வேல்டன்காரன் உங்களை மோதித் தள்ள, உங்கள், முகம் சேற்றில் புதைந்தது. ஆஷ் பந்தைத் தரையில் தட்டி உதைத்தான்.

முதுகுக்கும் முழங்காலுக்கும் இனியாவது ஓய்வு வாய்க்கட்டும். சூசனோடு நலமும் நிறைவுமாக நெடுநாள் வாழுங்கள். அடுத்த பருவமும் இதே பிரிவில் ஆடப்போகும் நாங்கள், வேலை முடியும்முன் வழக்கத்தை நினைக்க மாட்டோம்.

சேற்றிலிருந்து தலையைத் தூக்கி, “போச்சா?” என்று கேட்டீர்கள். எல்லோரும் உங்கள் மேல் வந்து விழுந்ததில் பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. சட்டமிட்டு மாட்டும்படி இங்கே எழுதித் தருகிறோம்: போனது, ஹெப். நட்டநடுவே போனது.

இவண்,
மைதானத்தில் உங்கள் பின்னால் நின்றவர்கள்,
கிரிம்லி ரக்பி லீக் கழகம்