ஃபேனுக்குக் கீழே

அரியலூர் ரயில்வே கேட்டில் பெரம்பலூர் பஸ் வெகுநேரமாக நின்றிருந்தது. என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“இனிமே அந்தச் சர்ச்சுக்குப் போவ மாட்டேன்க்கா.”

“ஏன்டி, யாராச்சும் ஏதும் சொல்லிட்டாங்களா?”

“யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. அதான் மனசு கெடந்து அடிச்சிக்குது.”

“புரியுற மாதிரி சொல்லு.”

“ஞாயித்துக்கெழம வாசல்ல நின்னு, ‘எங்க தெரு ஆளுங்க எங்கங்க உக்காரணும்?’னு கேட்டேன். பாஸ்டரம்மா, ‘வேர்க்குதே, ஃபேனுக்குக் கீழ உக்காரு’ன்னுட்டாங்க. பக்கத்துல பாத்தா மேலத்தெரு டீச்சரம்மா. தோளோட தோளு இடிக்குது. அவங்க நகரவே இல்லக்கா.”

“நீ யாருன்னு தெரியாம இருக்கும்.”

“தெரியாமயா? அவங்க வயல்லதான நாத்து நடுறேன். பாட்டுப் புஸ்தகத்த என் மடிக்கும் சேத்து விரிச்சாங்க. எப்ப எந்திரிக்கச் சொல்லுவாங்களோன்னே இருந்தேன். ஒரு ஜெபமும் காதுல ஏறல.”

கேட் திறந்தது. எதிர்வரிசையில் இருந்த பெரியவர் இவர்கள் பக்கம் திரும்பினார்.

“நீங்க எந்தத் தெரும்மா?”

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். இளையவள் பையை முறுக்குவதை நிறுத்தினாள்.

“ஃபேனுக்குக் கீழங்க.”