செம்புப் பால்

இல்ல டாக்டர், உதைக்க மாட்டா. பேருதான் ராங்கி. வாலை நான் தூக்கிப் பிடிச்சுக்கறேன், நீங்க ஊசியைக் குத்தி ரத்தம் எடுங்க. காதுல இருக்கற நம்பரை எழுதிக்கிட்டீங்களா? இதோட பதினொண்ணு ஆச்சு. இன்னும் ஒருத்திதான், அந்தக் கோடியில நிக்கிறாளே, மூக்கி. அவளை வேணும்னேதான் கடைசியில கட்டினேன்.

அவரா? உள்ள இருக்காரு. வர மாட்டாரு. டிப்போவுல நம்ம கேன் பால்ல சாயம் விட்டுப் பாத்தாங்களாம், மேல நீலமா வளையம் நின்னுச்சாம், மாட்டுல கன்னு வீசற நோய் இருக்குன்னாங்க. அன்னிலேருந்து வீட்டுக்காரருக்கு யாரோடயும் பேச்சில்ல. மாசா மாசம் சுத்தமாத்தானே வந்துச்சு, இப்ப மட்டும் எப்படின்னு சுவத்தைப் பாத்துக் கேக்கறாரு. சுவரு என்ன சொல்லும்.

குழாயைத் தள்ளி வைங்க, சாணியில விழுந்துடும்.

மூக்கி போன வருஷம் ஏழாம் மாசத்துலயே கன்னு வீசிட்டா. செத்துத்தான் விழுந்துச்சு. நான்தான் வெறுங்கையால எடுத்துப் போட்டேன். தெரியும் டாக்டர், உறை போட்டிருக்கணும். அப்புறம் இவரு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. டிப்போவுல சோதனை பண்ற நாள் மட்டும் மூக்கி பால் கேனுக்குப் போகாது. தனியா செம்புல கறந்து வீட்டுக்கு வந்துடும். மத்த நாள் கேனுக்குத்தான். ஆமா, தப்புதான். அங்க எப்படியும் காய்ச்சித்தானே பாக்கெட் போடறாங்கன்னு சொல்லுவாரு.

செம்புப் பாலைக் கீழ கொட்ட யாருக்கும் மனசு வரல. டீக்குப் போக, என் பங்கு மட்டும் காய்ச்சாம பச்சையா. கறந்த சூடு ஆறறதுக்குள்ள நுரையோட குடின்னு அத்தை டம்ளரைக் கையில திணிப்பாங்க. மருமகளுக்கு இவ்வளவு பண்ற மாமியாரை எங்க பாத்திருக்கீங்க. குத்தம் சொல்லல.

வாடி மூக்கி. பாருங்க, எவ்வளவு சாதுன்னு.

போன சோதனைக்கு இவரு தீவனம் வாங்கப் போயிருந்தாரு. மூக்கி பாலையும் நான்தான் கேன்ல ஊத்தினேன். மறந்து இல்ல. தெரிஞ்சேதான். இவரு ஊகிச்சிருப்பாரு. கேக்கல.

எத்தனை மாடு போகும் டாக்டர்? ரிசல்ட் வந்தாத்தான் தெரியுமா. சரி. வந்ததும் அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க.

ஒரு குழாய் மிச்சம் இருக்கே. எனக்கும் எடுக்கறீங்களா? மாட்டு டாக்டருன்னு தெரியும். மனுஷ ஆஸ்பத்திரியில காரணம் தெரியலம்மான்னு அனுப்பிட்டாங்க. வீட்டுல மாடு இருக்கான்னு அவங்களும் கேக்கல, எனக்கும் சொல்லத் தோணல. மாசமா இருக்கறவளுக்குத் தெம்பு வேணும்னுதானே அத்தை அந்தப் பாலைக் குடுத்தாங்க. மூக்கிக்காவது ஏழு மாசம் தங்குச்சு. எனக்கு அஞ்சுதான்.

கட்டிப் போட வேணாம், நின்னுக்கறேன். காதுல நம்பர் இல்ல. பதிமூணுன்னு எழுதிக்கோங்க.