வழவழப்பான அப்பச்சி

வேலை கேட்டு, வியட்நாமின் சைகோன் நகரத்தை அடுத்த 'பின் யுவோங்' மாகாணத்துப் பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். சைகோனில் தமிழ் காதில் விழுவது அபூர்வம். முன் சீட்டில் ஒரு அக்காவும், அவளை 'ஆச்சி' என்று கூப்பிட்ட தம்பியும் செட்டிநாட்டுப் பேச்சில் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்காவின் கையில், அவர்கள் அப்பச்சி என்று சொல்லும் அப்பாவின் புதிதாகப் பிரதி எடுத்த படம்.

"அப்பச்சி மூஞ்சிய மைதா மாவாட்டம் ஆக்கிப்புட்டியே!"

"பழைய பிலிம் படம் ஆச்சி, மணல் தூவுனாப்ல இருந்துச்சு. பிலிம்ல வெள்ளித் துகள் பெருசும் சிறுசுமாக் கிடக்கும், அதான் சொரசொரப்பு. டிஜிட்டல்ல எல்லாம் ஒரே அளவு கட்டம். மிச்சம் புள்ளி இருந்தாலும் கம்ப்யூட்டரே தேய்ச்சு எடுத்துரும். வழவழப்பாப் போடுன்னு நான்தான் சொன்னேன்."

"அம்மைத் தழும்பையும் சேர்த்துல்ல தேய்ச்சிருக்கு."

"அதுக்கு மணலும் தழும்பும் ஒண்ணுதான். பார்க்க நல்லாத்தானே இருக்காக?"

"ஆத்தாட்டக் காட்டுனேன். கட்டுன புருஷனையே தெரியாம, மாப்பிள்ளை நல்லா இருக்காரு, யாருக்குப் பாக்குறீகன்னு கேக்குறாக."

தம்பி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

"நாளைக்குத் திதி. அவுகளப் பாக்காத பேரப்புள்ளைக இந்த ஆளத்தானடா ஐயான்னு கும்பிடும்?"

அவன் படத்தை மறுபடியும் பார்த்தான். "பழசு கடையிலதான் கிடக்கு. மணலோட அப்படியே போடச் சொன்னா கடைக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

அடுத்த நிறுத்தத்தில் தம்பி இறங்கினான். கடைப் பக்கம் திரும்பிப் போகிற பஸ்ஸைப் பிடிக்க, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே கையை உயர்த்திக்கொண்டு சாலையைக் கடந்தான்.